கண்மாய்த் தண்ணீரில் ஓர் இரவு நின்ற கார்: உள்பாகமும் வயரிங்கும் மீட்ட பதிவு

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஊர். ஐப்பசிக் கடைசி மழையில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தது. தாழ்ந்த தெருவில் நின்ற பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றுக்குள் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறி, மறுநாள் மதியம் வடிந்தது. ஏறக்குறைய 14 மணி நேரம். பேட்டரி உயரத்தில் இருந்ததால் அது நனையவில்லை. ஆனால் அவ்வளவு நேரமும் இணைப்பிலேயே இருந்தது. பிறகு வந்த பழுதுகளில் பாதிக்கு மேல் காரணம் அதுதான்.

வண்டியைத் துடைப்பதற்கு முன்னால் தண்ணீர் நின்ற கோட்டைக் குறிக்க வேண்டும். காகித டேப்பை உள்ளே, டிக்கியில், எஞ்சின் அறையில் என்று எல்லா இடத்திலும் அந்தக் கோட்டின் மேல் ஒட்டிவிடுங்கள். கழுவிய பிறகு கோடு எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வண்டியில் அது தரைத் தகட்டிலிருந்து 28 செ.மீ., அதாவது முன் சீட் மெத்தையின் அடிவிளிம்பு. அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு கப்ளரையும் (வயர்களைப் பின்கள் மூலம் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான்) திறந்தே ஆக வேண்டும், விதிவிலக்கே கிடையாது. அதற்கு மேலே ஒரு சாண் உயரம் வரை சந்தேகப் பகுதி.

சாவியைத் திருகக் கூடாது. 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று ஆக்சசரி நிலைக்குக் கொண்டுபோனாலே நனைந்த கப்ளர்களில் இன்னும் பத்துப் பதினைந்து பின்களுக்கு மின்சாரம் போய்விடும். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஸ்டார்ட் செய்தவுடன் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராட் வளையலாம். அப்படி வந்த சேதத்துக்கு, எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் கவர் இல்லாத காப்பீட்டுப் பாலிசியில் பெரும்பாலும் பணம் தர மறுத்துவிடுவார்கள். காப்பீட்டு சர்வேயர் பார்க்கும் வரை சீட்டைக்கூடக் கழற்றாமல், கோடு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பேட்டரி நெகட்டிவை மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் 10 மி.மீ. ஸ்பேனரில் உடனே கழற்றிவிடலாம்.

எஞ்சின் பக்க வேலை இந்தப் பதிவில் சுருக்கம்தான். ஏர் ஃபில்டர் பெட்டி உலர்வாக இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லியில் சாக்கெட் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றியதில் தண்ணீர் வரவில்லை. எஞ்சின் ஆயில் பால் நிறம் ஆகவில்லை, ஆனாலும் மாற்றப்பட்டது. கியர்பாக்ஸ் ஆயில் மூச்சுக்குழாய் வழியாகக் கலங்கியிருந்தது, அதுவும் மாற்றப்பட்டது.

செம்மண்ணும் களிம்பும்

வெறும் தண்ணீரைவிட மோசம், அது கொண்டுவந்து விட்டுப்போகும் மண். செட்டிநாட்டுச் செம்மண்ணில் களித்துகள் மிக நுண்மையானது. ஈரமாக இருக்கும்போது விரலால் வழித்தாலே போகும். காய்ந்தால் ஓட்டுச்சில்லு போல இறுகி, கப்ளரின் ரப்பர் சீலுக்கும் வயருக்கும் நடுவில் சுவராக நிற்கும். அதனால் 'முதலில் வெயிலில் காயட்டும், பிறகு கழுவலாம்' என்பது தலைகீழான வரிசை. முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் உலர்த்த வேண்டும், எல்லாம் முடிந்த பிறகே மின்சாரம். மழை விடவில்லை என்று வேலையைத் தள்ளிப்போட்டால் வண்டியை ஈரமாகவே வைத்திருப்பது நல்லது. இந்த வண்டியில் பிரிக்கும் வரை இரண்டு நாளும் காலை மாலை தரையில் நல்ல தண்ணீர் விட்டுக் கசிய வைத்தார்கள். அது வீண் வேலை அல்ல.

கப்ளருக்குள் நடப்பது மின்னாற்பகுப்பு. 12 வோல்ட் நிற்கும் ஒரு பின்னும் எர்த் பின்னும் அழுக்குத் தண்ணீரில் அருகருகே இருந்தால், பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து நெகட்டிவை நோக்கி நகரும். பச்சையும் நீலமும் கலந்த களிம்பு பூக்கும். சாவி அணைந்திருந்தாலும் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன்கள் உயிரோடுதான் இருக்கும். வயரிங் படங்களில் இவற்றுக்கு 30 என்று எண் போட்டிருப்பார்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இக்னிஷன் லைன் 15, எர்த் 31. இடது கால் பக்கத்து 20 பின் கப்ளரைத் திறந்தபோது இது கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. 15-ம் எண் லைன் பின்கள் மண் படிந்து, கழுவியதும் வெள்ளை வெளேரென்று வந்தன. 30-ம் எண் பின்கள் மூன்றும் நுனி கரைந்து ஊசி மாதிரி ஆகியிருந்தன. ஒரே தண்ணீர், ஒரே மண், ஒரே நேரம். மின்சாரம் இருந்ததும் இல்லாததும்தான் வேறுபாடு. தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே ஒருவர் போய் நெகட்டிவைக் கழற்றியிருந்தால் அந்த மூன்று பின்களும் தப்பியிருக்கும். இவ்வகை அரிமானத்தை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய ஆய்வகம், 'சிக்ரி' என்று ஊரில் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. கரையோரத்துக்கும் கண்மாய்க்கும் நடுவில் வாழ்கிற நமக்குப் பொருத்தமான ஆய்வகம்தான்.

பிரித்தல்

நெகட்டிவ் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியின் (யூனிட்) கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் அதற்குள் இறங்கிவிடும். மஞ்சள் உறை போட்ட வயரும் மஞ்சள் கப்ளரும் ஏர்பேக் சுற்று. அதில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துத் தொடவே கூடாது. மீட்டர் தரும் சிறு மின்னோட்டமே ஆபத்து.

முன் சீட் ஒவ்வொன்றுக்கும் 14 மி.மீ. தலை போல்ட் நான்கு. நனைந்து துருவேறியவற்றை வேகமாகத் திருகினால் அடியில் பற்றவைத்த நட்டு பிய்ந்துகொள்ளும். முதல் நாள் மாலையே ஊடுருவும் எண்ணெய் அடித்துவிட்டு மறுநாள் காலையில் கழற்றினால் ஒன்றும் ஆகாது. சீட்டைத் தூக்கும் முன் அடியில் உள்ள கப்ளர்களைப் பார்த்துக் கழற்றுங்கள். பெல்ட் பக்கிள் சுவிட்ச், பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அதுவும் அங்கேதான். பெல்ட் போல்ட்டுகள் சில வண்டிகளில் டி-50 நட்சத்திரத் தலை, சிலவற்றில் 17 மி.மீ. அதன் பிறகு கதவுப் படியை மூடும் சில் பிளேட்டுகள், கால் பக்கத் தகடுகள், நடுத்தூண் கீழ் மூடி, கியர் கன்சோல், ஹேண்ட்பிரேக் மூடி. கிளிப்புகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பாதி உடையும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் வாங்குங்கள், எப்படியும் உடையும் என்பதற்காக இருபது கிளிப்பும் சேர்த்து வாங்குங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல் இடம் எழுதிய தனித்தனிக் கவர்களில் போட்டால் கடைசி நாளில் நேரம் மிச்சம்.

கார்ப்பெட் ஒரே அச்சில் வார்த்த துண்டு. டேஷ்போர்டுக்கு அடியில் அதன் முன் விளிம்பு சிக்கியிருக்கும். அதைக் கத்தியால் வெட்டி எடுக்கிற வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. வேண்டாம். ஹீட்டர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பொறுமையாக இழுத்தால் முழுசாக வரும். மேலே பார்த்தால் உலர்ந்ததாகத் தெரியும் கார்ப்பெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சணல் ஃபெல்ட்டும் பஞ்சும் வாளிக்கணக்கில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். இந்த வண்டியில் ஓட்டுநர் காலடிப் பகுதியை மட்டும் மடித்துப் பிழிந்தபோதே ஒரு பெரிய வாளி நிறைந்தது. மேலிருந்து வேக்குவம் போட்டு 'காய்ந்துவிட்டது' என்று மூடிக் கொடுக்கும் வண்டிகள் தை பிறப்பதற்குள் நாறத் தொடங்குவது இதனால்தான்.

தரைத் தகட்டில் உள்ள ரப்பர் அடைப்பான்களைத் தள்ளி எடுத்தால் மீதித் தண்ணீர் கீழே போய்விடும். கதவுகளுக்கும் அடிவிளிம்பில் வடிகால் துளைகள் உண்டு, செம்மண் அவற்றை அடைத்திருக்கும். டோர் பேட் கழற்றி, உள்ளே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் ஓரத்துக் கறுப்புப் பிசினோடு உரித்து வையுங்கள். அந்தத் தாள் திரும்ப ஒட்டப்படாவிட்டால் அடுத்த மழையில் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டுக்கு வரும்.

கப்ளர் ஒவ்வொன்றாக

கோட்டுக்குக் கீழே மொத்தம் 31 கப்ளர்கள். திறந்ததும் நெயில் பாலிஷால் ஒரு வெள்ளைப் புள்ளி, சுத்தம் செய்ததும் இரண்டாவது புள்ளி. அலுப்பான வேலைதான். ஆனாலும் விட்டுப்போன ஒரே ஒரு கப்ளர் போதும், ஆறு மாதம் கழித்து முழு டேஷ்போர்டையும் மறுபடி கழற்ற வைப்பதற்கு.

வேலைக்கு எடுத்துக்கொண்டவை: பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் 10 லிட்டர், 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 2 லிட்டர், கான்டாக்ட் கிளீனர் மூன்று கேன், பழைய மென்மையான பல் துலக்கிகள், பின் நெம்பும் ஊசிகள், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு டியூப். கடையில் பேட்டரி வாட்டர் கேட்டால் சில நேரம் அமிலக் கலவையை எடுத்துத் தருவார்கள். லேபிளைப் படித்து வாங்குங்கள். முதல் அலசலுக்கு வளவு (வீட்டின் நடுப்பகுதி) முற்றத்தில் ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து பிடித்த மழைநீரே போதும். முதல் மழையின் ஓட்டுத் தூசி போன பிறகு பிடித்ததாக இருக்க வேண்டும். போர் தண்ணீரை மட்டும் கப்ளரில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்துள்ள உப்பு, காய்ந்தபின் பின்களின் நடுவே வெள்ளைப் படலமாக நிற்கும்.

முறை இப்படி. கப்ளரைக் கழற்றி இரு பாதியையும் மழைநீரில் ஆட்டி அலசுங்கள். துலக்கியால் பின்களின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். பின்பக்க ரப்பர் சீலைச் சற்றே பின்னே தள்ளி அதன் அடியிலும் தண்ணீர் விடுங்கள், மண் தங்கும் மறைவிடம் அதுதான். பிறகு காய்ச்சி வடித்த நீர், அதன் பிறகு ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரோடு கலந்து அதையும் இழுத்துக்கொண்டு ஆவியாகும். கடைசியாகக் கான்டாக்ட் கிளீனர். டபிள்யூடி-40 போன்ற பொதுவான எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு அப்படியே மூடுவது பரவலான பழக்கம். அது ஈரத்தை விரட்டும், சரி. ஆனால் விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் தூசி பிடிக்கும். அடித்தாலும் மேலே கான்டாக்ட் கிளீனரால் கழுவ வேண்டும்.

உப்புத்தாள் போட்டுப் பின்னைத் தேய்க்கக் கூடாது. காரணம் நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்திலேயே இருக்கிறது. ஈயம் பூசிய பாத்திரத்தைச் சுரண்டித் தேய்த்தால் ஈயம் போய்ப் பித்தளை வெளியே வரும், அடுத்த நாளே களிம்பு ஏறும், புளிக்குழம்பு வைக்க முடியாது. கப்ளர் பின்னும் அதேபோல வெள்ளீயம் பூசிய பித்தளைதான். பூச்சு இருக்கும் வரை பின் வாழும். மேலே மண் படிந்திருந்தால் கழுவினால் போதும். பச்சை பூத்துவிட்டால் பூச்சு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள், அந்தப் பின்னைத் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். பெண் பின் பிடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க, அதே அளவுள்ள தனி ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்துப் பாருங்கள். சும்மா நழுவினால் அதுவும் மாற்றத்தக்கது. இந்த வண்டியில் மாற்றிய பின்கள் 17. பழைய வண்டிகளின் வயரிங் விற்கும் கடையில் அதே கப்ளரை வயரோடு வெட்டி வாங்கி, பின்களை நெம்பி எடுத்துப் பயன்படுத்தலாம்.

பின்னோடு வேலை முடியாது. பல இழைச் செம்பு வயர் விளக்குத் திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். வெளியே பிளாஸ்டிக் உறை புதிதுபோல இருக்கும், உரித்தால் செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, கிரிம்ப்பும் (உலோகக் குழலை நசுக்கிப் பிடிக்கும் ஒட்டு) நிற்காது. இரண்டு செ.மீ. உரித்துப் பாருங்கள், கறுப்பு என்றால் இன்னும் வெட்டுங்கள், பளிச்சென்று சிவந்த செம்பு தெரியும் வரை. இங்கே 30-ம் எண் லைன் ஒன்றில் 9 செ.மீ. வெட்ட வேண்டியிருந்தது. ஒட்டு வயர் அதே கனம், 0.85 சதுர மி.மீ. என்றால் 0.85-தான். ஒட்டுகளைக் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்க வேண்டும். வெறும் சால்டர் ஒட்டு அதிர்வில் ஈயம் முடியும் விளிம்பில் முறியும். ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் மூன்று நான்கு செ.மீ. தள்ளித் தள்ளி வைத்தால்தான் ஹார்னஸ் (வயர்க் கட்டு) தன் வாய்க்காலில் திரும்ப உட்காரும்.

அனுபவமுள்ளவர்களும் தவறவிடுவது, ஹார்னஸின் நடுவில் கப்ளரே இல்லாத இடத்தில் தொழிற்சாலையில் பல வயர்களைச் சேர்த்துப் பற்றவைத்த முடிச்சுகள். மேலே துணி டேப் மட்டும் சுற்றியிருக்கும். இவற்றில் சில சில் பிளேட்டுக்கு அடியில், வண்டியிலேயே தாழ்வான இடத்தில் இருக்கும். ஹார்னஸை விரலால் உருவிக்கொண்டே போனால் ஒரு புடைப்பு தட்டும். டேப்பை அவிழ்த்துப் பாருங்கள். இந்த வண்டியில் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று. மூன்றிலும் களிம்பு. மூன்றும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யப்பட்டன. பழைய துணி டேப் மண்ணும் ஈரமும் பிடித்துக்கொள்வதால் கோட்டுக்குக் கீழே உள்ளதை முழுக்க உரித்துவிட்டு, புதிய துணி டேப் சுற்றுவதே முறை. சாதாரண பிவிசி டேப் நம் கோடை வெயிலில் பசை உருகி வழியும், ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும்.

எர்த் வயரை வண்டியின் உடல் தகட்டோடு முடுக்கிய பாடி எர்த் ஐந்து இடம். ஒவ்வொன்றையும் கழற்றி, வளைய முனையையும் தகட்டையும் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினோம். இங்கே தேய்க்கலாம், தகடு தடித்தது. பின்னால் மின்சாரம் கொடுத்த பிறகு இடது கால் பக்க எர்த்தில், புளோவரும் விளக்குகளும் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் அந்த இடத்துக்கும் இடையே 0.03 வோல்ட்தான் இருந்தது. இந்த அளவு 0.1-க்கு மேல் போனாலே கழற்றிப் பார்க்க வேண்டும்.

யூனிட்டுகள்

ஏர்பேக் கட்டுப்பாட்டு யூனிட் பெரும்பாலான வண்டிகளில் கியர் கன்சோலுக்கு அடியில் தரையோடு இருக்கும். நனைந்தால் அதைக் கழுவி உலர்த்தித் திரும்பப் போடுவது தவறு. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தாலும் விபத்தில் ஏர்பேக் வெடிக்குமா, காரணமின்றி வெடிக்குமா என்று எந்தச் சோதனையும் உறுதி சொல்லாது. புதியதுதான் போட வேண்டும், வண்டிக்கு ஏற்றபடி கோடிங்கும் செய்ய வேண்டும். நடுத்தூண் அடியில் உள்ள சீட் பெல்ட் சுருளி, விபத்தில் பெல்ட்டை வெடித்து இறுக்கும் பிரிடென்ஷனரோடு நனைந்திருந்தால் அதற்கும் இதே தீர்ப்பு. செலவில் பெரும்பகுதி இதுதான், இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

மற்ற யூனிட்டுகளைக் காப்பாற்ற முயலலாம். டிக்கிப் பக்கம் இருந்த பார்க்கிங் சென்சார் பெட்டி நனைந்திருந்தது. மூடி திறந்து, போர்டைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஆல்கஹாலில் முக்கி மென்துலக்கியால் துலக்கி, 50 டிகிரிக்கு மேல் போகாத இளஞ்சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்தார்கள். போர்டில் முதலில் பார்க்க வேண்டியவை கப்ளர் பின்களின் அடி, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் கால், ரிலேக்களின் அடிப்புறம். அங்கே பச்சை இல்லையென்றால் பிழைக்க வாய்ப்பு அதிகம். அரிசிக்குள் புதைத்து வைப்பது போனுக்கும் உதவாது, இதற்கும் உதவாது. அது மாவுத் தூசியைத்தான் உள்ளே தள்ளும்.

ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதற்குள் இரண்டு தனித்தனி சிக்னல்கள் ஒன்றையொன்று சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் எஞ்சின் வேகம் ஏறாது, பி2138 என்ற பழுதுக் குறியீடு வரும். மூடி ஒட்டி மூடப்பட்டது, திறந்து கழுவ முடியாது. மாற்றப்பட்டது. முன் கதவு ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு ஊறிப் போனது. கால் பக்க ஃபியூஸ் பெட்டி கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தும் அதன் ரிலேக்கள் எல்லாம் மாற்றப்பட்டன. சாதாரண ரிலேயின் மூடி காற்றுப் புகாதது அல்ல, விலையும் பெரிது அல்ல.

மெத்தை, கார்ப்பெட், உலர்த்தல்

ஊருணியில் இறக்கி அலசலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். வண்டிக் கழிவும் சோப்பும் குடிநீருக்குள் போகக் கூடாது. தெருவிலேயே ஹோஸ் பிடித்து, கார்ப்பெட்டைச் சாய்த்து வைத்து, அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் மண் வந்த வழியே போகும். சணல் ஃபெல்ட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். உரித்து எறிந்துவிட்டு, சீட் கவர் கடையில் மீட்டர் கணக்கில் புதிய ஃபெல்ட் வாங்கி வெட்டி ஒட்டலாம். சீட் உறைகளை வளையக் கம்பிகளை நறுக்கிக் கழற்றி, மெத்தையைத் தனியாகச் சோப்புத் தண்ணீரில் மிதித்துப் பிழிந்து, நுரை வராத வரை அலச வேண்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அதன் குளோரின் சீட்டின் இரும்புச் சட்டத்தைத் தின்றுவிடும். பூஞ்சைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். அடர்நிறத் துணியில் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

கார்த்திகை மாதத்தில் வெயிலை நம்ப முடியாது. வளவைச் சுற்றிய தாழ்வாரம் இதற்கு நல்ல இடம். மழை உள்ளே வராது, முற்றம் திறந்திருப்பதால் காற்று நிற்காது. ஆனால் ஆத்தங்குடித் தளத்தில் சீட் சட்டத்தையோ ஜாக்கியையோ நேராக வைத்துவிடாதீர்கள். அது சூளையில் சுடாத சிமெண்டுக் கல், துருநீரை உறிஞ்சினால் கறை போகவே போகாது. வினிகர் சிந்தினாலும் பூவின் நிறம் வெளுக்கும். கீழே தார்பாய், மேலே மரச்சட்டம் போட்டு அடுக்குங்கள்.

மெத்தை காய்ந்ததா என்று கையால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எடை போடுங்கள். பக்கத்து மளிகைக் கடைத் தராசே போதும். ஓட்டுநர் சீட் அடிமெத்தை முதல் காலை 5.2 கிலோ, அடுத்தடுத்த காலைகளில் 3.4, 2.6, 2.3, 2.2, 2.2. இரண்டு நாள் எடை மாறாவிட்டால்தான் காய்ந்தது. கார்ப்பெட்டுக்கு வேறு சோதனை. ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

தரைத் தகட்டில் தார் போன்ற அதிர்வடக்கும் பட்டைகள் ஒட்டியிருக்கும். ஓரம் தூக்கியவற்றைச் சுரண்டி எடுங்கள், அடியில் துரு தொடங்கியிருக்கும். கம்பித் துலக்கி, பாஸ்பாரிக் அமிலத் துருமாற்றி, எபாக்சி பிரைமர், மூட்டுகளில் சீலன்ட் என்ற வரிசையில் போட்டு, சில் குழிக்குள் நீண்ட குழாய் வைத்து மெழுகு ஸ்ப்ரே அடித்தாயிற்று. ஏசி வடிகால் குழாயில் செம்மண் உருண்டை அடைத்திருந்தது, கம்பியால் குத்தி எடுத்தோம். கேபின் ஃபில்டர் குப்பைக்கு.

மின்சாரம் கொடுத்தல்

பன்னிரண்டாம் நாள். பேட்டரி தனியே சார்ஜ் ஆகி 12.6 வோல்ட்டில் இருந்தது. ஃபியூஸ் எல்லாவற்றையும் உருவிவிட்டு, நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தோம். எங்கே ஷார்ட் இருந்தாலும் பல்பு முழுசாக எரியும். ஆனால் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது, வயர் கருகாது. ஃபியூஸை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே பல்பைப் பாருங்கள். ரூம் லைட் ஃபியூஸ் போட்டதும் அது அரைப் பிரகாசத்தில் எரிந்தது. கதவுகள் மூடியிருந்தன, விளக்கு எதுவும் எரியவில்லை. தேடியதில் டிக்கி விளக்கின் ஹோல்டர். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே துருவும் களிம்பும் பாலம் போட்டிருந்தன. ஹோல்டர் மாற்றியதும் பல்பு அணைந்தது.

அடுத்து, யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் (CAN) லைன். பேட்டரி கழற்றிய நிலையில், ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6-ம் 14-ம் பின்களுக்கு இடையே 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது, 60-க்கு வெகுவாகக் குறைந்தால் எங்கோ கசிவு. முதலில் 47 வந்தது. பழைய ஏர்பேக் யூனிட்டின் கப்ளரை உருவியதும் 60. அது போக வேண்டியது என்பதற்கு இன்னொரு சான்று. புதியதை மாட்டிய பிறகு பல்பை எடுத்துவிட்டு இக்னிஷன் போட்டு ஸ்கேனர் இணைத்ததில் பிரேக் (ஏபிஎஸ்), ஏர்பேக் யூனிட்டுகளோடு தொடர்பு அறுந்ததைச் சொல்லும் யு0121, யு0151 குறியீடுகள் இரண்டும் பழைய பதிவாக நின்றன. அழித்த பிறகு திரும்ப வரவில்லை.

எஞ்சின் ஓடியது. ஆனால் எல்லாம் அணைத்துப் பூட்டி அரை மணி நேரம் கழித்தும் பேட்டரி 180 மில்லி ஆம்பியர் இழந்தது. 50-க்குள் இருக்க வேண்டும். சில நாள் நின்றால் ஸ்டார்ட் ஆகாத வண்டி இப்படித்தான் பிறக்கிறது. காரணம் இடது பின் கதவின் பூட்டுக்குள் இருந்த சிறு சுவிட்ச். மண் புகுந்து, கதவு திறந்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கதவு, விளக்குகளைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் யூனிட் தூங்கவே இல்லை. பூட்டை மாற்றியதும் 22.

பிறகு வந்தவை

மூன்றாம் வாரம் புளோவர் மோட்டார் கிரீச்சிட்டது. அது கோட்டுக்கு மேலே இருந்தாலும், நீராவி ஏறிய பேரிங். ஐந்தாம் வாரம் ஸ்டார்ட்டர் சொலினாய்டு 'டக்' என்று மட்டும் சொன்னது. இரண்டும் பிரித்துச் சரிசெய்யக்கூடியவை, எதிர்பார்த்தவையும்கூட. நாற்றம் வரவில்லை.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பல ஏலத்தில் கைமாறித் தென்மாவட்டங்களுக்கும் வந்தன. பழைய வண்டி வாங்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். வாசனைத் திரவியம் அடித்து, டேஷ்போர்டு பாலிஷ் போட்டவர்கள்கூடச் சுருளிக்குள் போன நாடாவின் மண் கோட்டைக் கழுவுவதில்லை.

இந்த வண்டியின் கிளவ் பாக்ஸில் ஒரு தாள் வைக்கப்பட்டிருக்கிறது. இடது சில்லில் முன் கதவு விளிம்பிலிருந்து 22, 41 செ.மீ., வலது சில்லில் 35 செ.மீ. என்று மூன்று முடிச்சுகளின் இடமும், வெட்டி ஒட்டிய வயர்களின் நிறமும் அதில் எழுதியிருக்கிறது. அடுத்த புரட்டாசியில், மழைக்கு முன்னால், சில் பிளேட்டைத் தூக்கி இந்த மூன்று இடத்தில் மட்டும் டேப்பை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.